எடை மேடையில் தொடங்குங்கள்: காவிரி டெல்டாவில் பிக்கப் வண்டியை மேம்படுத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

புதிய பிக்கப் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்ட மறுநாளே பெரும்பாலானோர் அதைப் பட்டறைக்குக் கொண்டு போய்விடுகிறார்கள். முன்னால் ஓர் இரும்புக் காப்பு, கேபினுக்கு மேலே நான்கு விளக்குகள், பின்னால் பாரம் தாங்கும் ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டைகள், பக்கங்களில் உயர்த்திய அடைப்பு என்று ஒரே மூச்சில் பேசி முடித்து முன்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். திருவையாற்றுப் பக்கம் நெல்லும் வாழைத்தாரும் ஏற்றி வண்டி ஓட்டிப் பிழைக்கும் நானும் என் முதல் வண்டிக்கு இதையேதான் செய்தேன். அந்த வண்டி எனக்குக் கற்றுக்கொடுத்ததை, இப்போது புதிதாக வண்டி எடுத்திருப்பவர்கள் பணத்தை இழக்காமலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பொலிரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா, நம் ஊரில் குட்டியானை என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் ஆகிய எந்த வண்டியாக இருந்தாலும் இங்கே சொல்லப்படும் வரிசை பொருந்தும். மேலே தெரியும் வேலைகளைக் கடைசியில் வைத்துக்கொண்டு, எடை, சேசிஸ் என்னும் அடிச்சட்டகம், சக்கரம், அடிப்பாகம் என்று கீழிருந்து தொடங்க வேண்டும் என்பதே அந்த வரிசை.

முதல் வேலை: எடையை அறிந்துகொள்ளுதல்

பட்டறைக்குப் போவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று வண்டியின் வெற்று எடை. மற்றொன்று, ஏற்றிய நிலையில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. பிறகு எரிபொருளை நிரப்பிக்கொண்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு என வழக்கமாக வண்டியில் கிடக்கும் எல்லாவற்றையும் வைத்தபடியே அருகிலுள்ள எடை மேடைக்குச் சென்று எடை போட்டுச் சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டில் வரும் எண், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வெற்று எடையைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்ற வேலைகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்த எடை 3,000 கிலோ, வெற்று எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 1,300 கிலோ. ஓட்டுநரும் உடன் ஒருவரும் ஏறினால் சுமார் 140 கிலோ போய்விடும். மீதி 1,160 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ கொண்ட சிப்பமாகவே நெல்லைப் பிடிக்கிறார்கள் என்பதால், சாக்கின் எடையை விட்டுவிட்டால், இந்த வண்டியில் 29 சிப்பங்கள் ஏற்றலாம். இப்போது அடைப்பு, காப்பு, கூடுதல் பட்டை, தரைத் தகடு என்று 200 கிலோ இரும்பை ஏற்றிவிட்டால் மிச்சம் 960 கிலோ, அதாவது 24 சிப்பங்கள். ஒரு நடைக்கு ஐந்து சிப்பங்கள் குறைகின்றன. ஒரு சம்பா அறுவடையில் 100 நடை அடித்தால் 20 டன் நெல்லுக்கான வாடகை, நாம் காசு கொடுத்துப் பொருத்திய இரும்புக்குப் போய்விடுகிறது. எனவே எந்தப் பொருளைப் பொருத்தச் சொன்னாலும் அதன் விலையைக் கேட்பதோடு அதன் எடையையும் கேளுங்கள். எடை தெரியாத பட்டறைக்காரரிடம் பாடி கட்டக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்து சிப்பம்தானே, அளவை மீறி ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. அதிகப்படியான சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே. பாரம் அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ, முன்பின்னாகவோ, உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000 ரூபாய். வைக்கோல் கட்டு ஏற்றுபவர்கள் இரண்டாவது விதியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வேலை: எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று தெளிவுபெறுதல்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரித்த நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத்தின் விவரங்கள் மாறுபடும் வகையில் உரிமையாளர் எந்த மாற்றத்தையும் செய்யக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. மீறினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. சேசிஸை நீட்டுவது, அச்சை மாற்றுவது, கேபினை வெட்டி நீட்டுவது ஆகியவற்றை யார் எவ்வளவு எளிது என்று சொன்னாலும் ஒதுக்கிவிடுங்கள்.

வண்ணம் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். திறந்த பாடியை மீன் ஏற்றும் மூடிய பெட்டியாக மாற்றுவது போன்ற வேலைகளுக்கு, முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற்று, அதன் பிறகே இரும்பை வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து நிற்கும்போது முதலில் தேடுவது ஆர்.சி.யில் இல்லாத மாற்றங்களைத்தான்.

முன்னால் பொருத்தும் இரும்புக் காப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இதன்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின்போது மடங்கி விசையை உறிஞ்ச வேண்டிய முன்பாகத்தை அது மடங்கவிடாமல் செய்து, அடியை நேராகச் சேசிஸுக்குக் கடத்துகிறது. எதிரே வரும் சைக்கிள்காரருக்கோ அது உயிராபத்து. கும்பகோணம் சாலையில் பள்ளிவிடும் நேரத்தில் வண்டி ஓட்டுகிற எவரும் இந்தக் காப்பைப் பொருத்தலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

சரக்கு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். எஃப்.சி.க்காக ஒவ்வொரு முறையும் கழற்றி, மறுநாள் மாட்டும் எதுவும் வண்டியில் இருக்கத் தகுந்ததன்று.

மூன்றாவது வேலை: பாடி

இதில்தான் நான் அடிபட்டேன். என் முதல் வண்டிக்குக் கனமான ஏங்கிள் இரும்பில் பாடி கட்டினேன். கட்டிய பட்டறையில், பாடியின் குறுக்குச் சட்டங்களைச் சேசிஸின் மேல் விளிம்பிலேயே நேராக வெல்டிங் வைத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு மிக உறுதியாக இருந்தது. மூன்றாவது சம்பாவில் ஒருநாள், கொள்ளிடப் படுகையிலிருந்து பாரத்தோடு கரையேறும்போது கேபினுக்குப் பின்னாலிருந்து கதவு முனகுவது போன்ற ஒரு சத்தம் வந்தது. பாரத்தை இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் படுத்துப் பார்த்தேன். வெல்டிங் முடியும் இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, கறுப்புப் பெயின்டின் மேல் செந்நிற நூலை ஒட்டிவைத்ததுபோல ஒரு கோடு தெரிந்தது. அதன் குறுக்கே நகத்தை இழுத்தால் நகம் மாட்டியது. சேசிஸ் விரிசல் விட்டு, உள்ளே நீர் புகுந்து, துரு வெளியே கசிந்திருந்தது. அறுவடை நேரத்தில் வண்டி வாரக்கணக்கில் நின்றது.

காரணம் எளிது. சேசிஸ் என்பது வளையாத கட்டை அல்ல. வாய்க்கால் மதகின் மேல் ஒரு சக்கரம் ஏறும்போது அது சிறிது முறுக்கிக்கொண்டு, பிறகு நிமிரும்படியே செய்யப்பட்டிருக்கிறது. அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் வளைவின் முழு விசையையும் தாங்குகின்றன. அங்கே வெல்டிங் வைத்தால் சூட்டில் அந்த இடத்து இரும்பின் பலம் மாறிவிடும். துளையிட்டாலும் விசை அந்தத் துளையின் ஓரத்தில் குவியும். ஆகவே பாடிக்கு என்று தனியாக இரண்டு நீளச் சட்டங்கள் அமைத்து, அவற்றைச் சேசிஸின் மேல் வைத்து, இடையில் ரப்பர் அல்லது மரப் பட்டை கொடுத்து, யூ போல்ட்டாலும், நிறுவனம் ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளில் போல்ட்டாலும் கட்டச் சொல்லுங்கள். யூ போல்ட் இறுக்கும் இடத்தில் சேசிஸின் விளிம்பு நசுங்காதபடி உள்ளே ஓர் அடைகட்டை வைக்க வேண்டும். பிரேக் குழாயும் ஒயரும் அந்த போல்ட்டில் மாட்டாமல் இருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

பாடியின்மேல் வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ்.-6 என்னும் புகை அளவு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் எஞ்சினை நடத்துவதே மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான். அதன் கனெக்டர்களையும் கழற்றிவிடுவது நல்லது. வெல்டிங்கின் எர்த் பிடியை வேலை நடக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்ட வேண்டும். எட்ட மாட்டினால் மின்சாரம் வீல் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுத்துவிடும்.

பாடியின் வடிவத்தை நீங்கள் ஏற்றும் சரக்கே தீர்மானிக்கட்டும். நெல் மூட்டைக்குத் தாழ்ந்த, உறுதியான பக்கங்களும் பின்கதவும் போதும். வாழைத்தாருக்கும் தேங்காய்க்கும் உயரம் வேண்டும்; அதற்காக நிரந்தரமாக இரும்பை உயர்த்தாமல், பக்கச் சட்டங்களில் குழல்கள் பொருத்தி, தேவைப்படும்போது மட்டும் செருகும் கழற்றுக் கம்பிகளை வைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய்க்கான வளைவுக் கம்பிகளையும் அதே குழல்களில் செருகலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தார்ப்பாயின் நடுவில் நீர் தேங்கினால் அதன் எடையே கம்பியை வளைத்துவிடும் என்பதால் வளைவின் நடு உயர்ந்திருக்க வேண்டும். கயிறு கட்டும் கொக்கிகளைத் தகட்டில் வைக்காமல் குறுக்குச் சட்டத்திலேயே வையுங்கள். வேலை முடிந்ததும் தரையிலிருந்து மிக உயர்ந்த இடம் வரை அளந்து, அந்த அளவைக் கேபினுக்குள் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். ரயில்வே கீழ்ப்பாலத்துக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்து யோசிக்கும் நிலை வராது.

நான்காவது வேலை: பட்டை, பிரேக், டயர்

பின்பக்கம் அமுங்குகிறது என்பதற்காகப் பட்டை கூட்டுவது நம் பகுதியில் வெகு சாதாரணமாக நடக்கிறது. தஞ்சாவூரில் எனக்குப் பட்டை வேலை செய்துதரும் பெரியவர் ஒருமுறை சொன்னார்: “தம்பி, பட்டைய ஏத்திட்டா வண்டி தாங்கும்னு நெனைக்காதீங்க. பட்டை தாங்கும். அச்சு தாங்கணும், பேரிங் தாங்கணும், டயர் தாங்கணும், பிரேக்கு நிக்கணும்.” அவர் சொன்னதில் கடைசியாக வரும் பிரேக்கைத்தான் புதியவர்கள் கவனிப்பதே இல்லை.

பல பிக்கப் வண்டிகளில் பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கிறது. சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஒரு கம்பியின் மூலம் உணர்ந்து, இடைவெளி குறைந்தால் பாரம் இருக்கிறது என்று கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். நீங்கள் இரண்டு பட்டைகளைக் கூட்டி வண்டியின் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், முழுப் பாரத்தோடு போகும்போதும் அந்த வால்வு வண்டி காலியாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டு, பின் பிரேக்கைத் தளர்த்தியே வைத்திருக்கும். நிறுத்தும் வேலை முழுவதும் முன் சக்கரங்களின் தலையில் விழும். ஆகவே பட்டையில் கை வைத்தால், அந்த வால்வின் கம்பியை நிறுவனக் கையேட்டின்படி மறுபடி அளவு வைக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டுமே கொடுங்கள்.

பெரும்பாலும் பட்டை கூட்டவே தேவையிருக்காது. அமுங்கும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை தேய்ந்த ஷாக்கிள் புஷ்கள், உடைந்த பட்டை, தளர்ந்த யூ போல்ட், உயிர்போன ஷாக் அப்சார்பர் ஆகியவை. பட்டைகளைக் கழற்றித் துருவைச் சுரண்டி, கிரீஸ் வைத்து, உடைந்ததை அதே தடிமனில் மாற்றிப் பூட்டினாலே வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் அமுங்கினால், நீங்கள் அளவுக்கு மீறி ஏற்றுகிறீர்கள் என்று பொருள்.

டயருக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து 106/104 என்பதுபோல ஓர் இணை எண் இருக்கும். அதுதான் பாரக் குறியீடு. முதல் எண் ஒற்றைச் சக்கரமாகப் பூட்டும்போதும், இரண்டாவது இரட்டைச் சக்கரமாகப் பூட்டும்போதும் ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கிறது. 104 என்றால் 900 கிலோ, 106 என்றால் 950 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. எடை மேடையில் முழுப் பாரத்தோடு பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை போட்டுப் பாருங்கள். அந்த எடையில் பாதிக்கும் மேல் ஒவ்வொரு பின் டயரும் தாங்க வேண்டும். அளவு ஒன்றுதானே என்று கார் டயரை மலிவாக வாங்கிப் பூட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். கடையில் வாங்கும்போது டயரின் வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களில் 2324 என்று இருந்தால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. காடியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்ட டயரோடு மழைக்காலத்துக்குள் நுழையாதீர்கள். நிறுவனம் சொன்னதைவிடப் பெரிய டயர் போட்டால் வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பாரத்தோடு கரையேறும்போது இழுவையும் குறையும்.

ஐந்தாவது வேலை: தண்ணீரிலிருந்தும் துருவிலிருந்தும் காத்தல்

என்னைக் கேட்டால், டெல்டாவில் ஒரு வண்டிக்குச் செய்யத் தகுந்த மிகச் சிறந்த மேம்பாடு இதுதான். யாரும் பார்த்துப் பாராட்டமாட்டார்கள் என்பதால் எவரும் செய்வதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அதிலிருந்து குறுவை, சம்பா, தாளடி என்று தை, மாசி வரை வாய்க்கால் கரைகளும் வயல் வழிகளும் ஈரமாகவே இருக்கும். நம் வண்டல் களிமண் மணலைப்போல உதிராது. சக்கர வளைவின் உச்சியிலும், பட்டைகளின் இடுக்கிலும், சேசிஸ் சட்டத்தின் உள்பக்கத்திலும் அப்பிக்கொண்டு, வெளியே காய்ந்த பிறகும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். இரும்பு அங்கேதான் தின்னப்படுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மீனோ உப்போ ஏற்றினால், ஒழுகும் உப்புத் தண்ணீர் அதைப் பல மடங்கு விரைவாக்கும்.

அடிப்பாக வேலையைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அழுத்தத் தண்ணீரால் அடிப்பாகம் முழுவதையும், சட்டங்களின் உள்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். பிறகு இரண்டு நாள் வெயிலில் நிறுத்திக் காயவிடுங்கள். இந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிட்டு, கழுவிய மாலையே கறுப்புப் பூச்சு அடித்துத் தருவதாகச் சொல்லும் இடங்கள் உண்டு. ஈரத்தின் மேல் அடித்த பூச்சு, துருவுக்குப் போர்வை போர்த்தியது போலத்தான் ஆகும், வெளியே பளபளப்பாக இருக்க உள்ளே தகடு கரைந்துகொண்டிருக்கும். காய்ந்த பின் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, அது உலர்ந்ததும் அடிப்பூச்சு கொடுங்கள். மூடிய சட்டங்களுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் மெழுகு போன்ற பாதுகாப்புத் திரவத்தை நீண்ட குழலால் தெளிக்க வேண்டும். சைலன்சர், பிரேக் டிரம், பிராப்பல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றின் மேல் பூச்சு படக்கூடாது. கதவின் அடியிலும் சட்டங்களின் அடியிலும் உள்ள சிறு வடிகால் துளைகளைப் பூச்சு அடைத்துவிடாதபடி முன்கூட்டியே தீக்குச்சிகளைச் செருகி வைத்து, வேலை முடிந்ததும் பிடுங்கிவிடுவது என் வழக்கம்.

சரக்குத் தளத்தின் மேல் அலுமினியச் செக்கர் தகடு பதிப்பது அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டு, இடையே உப்பு நீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரியைப்போல வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். மீன் ஏற்றுபவர்கள் இடையில் ரப்பர் தாள் அல்லது சீலன்ட் கொடுத்தே பதிக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் வெளியேற ஒரு குழாய் வைத்து, அதன் வாயைச் சேசிஸுக்கும் பிரேக் குழாய்க்கும் அப்பால் கொண்டுபோய் விடுங்கள். தளத்தில் ரப்பர் பாய் போட்டிருந்தால் வாரம் ஒருமுறை தூக்கிக் காயவிட வேண்டும்.

இன்னொன்று, செலவு குறைந்த, ஆனால் பலருக்கும் தெரியாத வேலை. பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் கிரவுன் ஹவுசிங்கின் மேல், விரல் நுனியளவில் ஒரு மூச்சுத் துளை மூடி இருக்கும். வெகுதூரம் ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று வாய்க்கால் நீரில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த மூடியை எடுத்துவிட்டு, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழலை மாட்டி, அதன் மறுமுனையைச் சேசிஸின் உயரத்துக்கு மேலே கட்டி, வாயில் தூசு புகாதபடி வடிகட்டி மூடி போட்டுவிட்டால் போதும். நீரில் இறங்கிய வண்டியின் கிரவுன் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியை வடிகட்டும் டி.பி.எஃப். பற்றி ஓர் எச்சரிக்கை. சேர்ந்த கரியை அது தானாக எரித்துக்கொள்ளும்போது உள்ளே வெப்பம் 600 டிகிரி வரை போகும். அந்த நேரத்தில் களத்தில் வைக்கோல் பரப்பின் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும். அறுவடைக் காலத்தில் வண்டியை எப்போதும் வெறும் தரையில் நிறுத்துங்கள்; சைலன்சரில் சுற்றிய வைக்கோலைத் தினமும் அகற்றுங்கள். டி.பி.எஃப்.-ஐக் கழற்றிவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்; அது சட்டத்துக்குப் புறம்பானது, எஞ்சினின் வாரன்டியும் போய்விடும்.

ஆறாவது வேலை: விளக்கும் ஒயரும்

55 வாட் விளக்கு ஒன்று 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். நான்கு பொருத்தினால் 18 ஆம்பியருக்கு மேல். இதை நேராக டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகக் கொடுத்தால் சுவிட்ச் உருகும். கூடுதல் விளக்கு எதற்கும் ரிலே வைத்து, பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் போட்டு, அதற்கேற்ற தடிமனுள்ள ஒயரைத் தனியாக இழுக்க வேண்டும். வண்டியின் மூல ஒயரை வெட்டி ஒட்டுப்போடுவதைத் தவிருங்கள். நெல் ஏற்றும் வண்டிக்கு எலித் தொல்லை நிச்சயம் என்பதால், புதிய ஒயர்களை நெளிவுக் குழாய்க்குள் செலுத்தி, இரவில் நிறுத்தும்போது கேபினிலும் தளத்திலும் சிதறிய நெல்லைக் கூட்டிவிடுங்கள்.

என் அனுபவத்தில் உண்மையாகப் பயன்படுவது தளத்தை நோக்கிய ஒரு வேலை விளக்கும், ரிவர்ஸ் போடும்போது மட்டும் எரியும் ஒரு வெள்ளை விளக்கும்தான். இரவில் அறுவடை இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தி ஏற்றும்போது அவற்றின் அருமை தெரியும். சரக்கு வண்டியின் முன்னால், பதிவு அலுவலரின் ஒப்புதலின்றித் தேடுவிளக்கு பொருத்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் இடமில்லை. பல குரலில் ஒலிக்கும் ஹாரனுக்கும் இடமில்லை. அந்தப் பணத்தில் தரமான ஒளிரும் பட்டைகள் வாங்கி, முன்னால் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டுங்கள். சாலையோரம் நெல் காயப்போட்டிருக்கும் இரவுகளில், ஒதுங்க இடமில்லாமல் நிற்கும் வண்டியைப் பின்னால் வருபவருக்குக் காட்டிக்கொடுப்பது அந்தச் சிவப்புப் பட்டைதான். பின்பாரம் மாறினால் முகப்பு விளக்கின் நோக்கும் மாறும் என்பதால், ஸ்பிரிங் பட்டை வேலைக்குப் பிறகு அதன் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

மீதமுள்ள சில

கேபினுக்குள் நல்ல இருக்கை, ஒரு சிறு மின்விசிறி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் ஆகியவை போதும். சேற்றுக்காக இரண்டு தடித்த பலகைகளும், சேசிஸில் போல்ட்டால் பூட்டிய இழுவைக் கொக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். காலி பிக்கப்பின் பின் சக்கரங்களில் எடை இல்லாததால் அது பாரவண்டியைவிட எளிதில் சுழன்று புதையும். பலகை இல்லாதபோது தென்னை மட்டைகளைக் குறுக்கே போட்டு ஏற்றுவது நம் ஊர் வழக்கம், அது நன்றாகவே உதவும்.

தளத்தில் பெஞ்சு பொருத்தி நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களை ஏற்றிச் செல்வதை மட்டும் செய்யாதீர்கள். விடியற்காலையில் இருபது பெண்கள் நின்றுகொண்டு போகும் வண்டி ஒரு வளைவில் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சரக்குத் தளம் ஆட்களை ஏற்றுவதற்கானதன்று. காப்பீடும் அவர்களுக்கு உதவாது. பெஞ்சு கேட்டு யார் வந்தாலும் மறுத்துவிடுங்கள், அவர்களுக்குப் பேருந்தோ வேனோ ஏற்பாடு செய்ய உங்களால் முடிந்த உதவியைச் செய்யுங்கள்.

எல்லா வேலையும் முடிந்ததும் மறுபடி அதே எடை மேடைக்குச் சென்று வெறுமையாக எடை போட்டு, பழைய சீட்டோடு ஒப்பிட்டு, இனி எத்தனை சிப்பம் ஏற்றலாம் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முதல் நடையில் பாதிப் பாரம் ஏற்றி, ஆள் இல்லாத சாலையில் பிரேக் பிடித்து வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். கழற்றிப் பூட்டிய சக்கர நட்டுகளை 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறையும், பட்டையின் யூ போல்ட்டுகளையும் பாடியின் யூ போல்ட்டுகளையும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறையும் பாரம் ஏற்றிய நிலையில் மறுபடி இறுக்க வேண்டும். அந்த நாளை நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.